பின்னால் நின்று கூப்பிடுதல்

1

எங்கள் குடியிருப்பில் பாடசாலைக்குப் போகும் பிள்ளை ஒரு வீதியைக்கூடக் கடக்க வேண்டியதில்லை. ஒஸ்லோவின் வடகிழக்கு மேட்டில் இருக்கும் ரொம்சோஸ் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வாகனங்களுக்கு வெளியே சுற்றிவர ஒரு வளையவீதி. அதற்குள்ளே மாடிவீடுகள், நடைபாதைகள், மரங்கள், பாடசாலை. இங்கே வீடு வாங்கியபோது விற்பனை முகவர் இதை இரண்டு தடவை சொன்னார். பிறகு, பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் தோட்டத்தோடு வீடு வாங்கிப் போன நண்பர்களிடம் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

"அங்கை காணி இருக்கு, கார் விட இடம் இருக்கு, எல்லாம் சரி. இஞ்சை பிள்ளை றோட்டுக் கடக்கத் தேவையில்லை."

அந்தக் குடியிருப்பில், கோடை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய இரண்டாவது திங்கட்கிழமை, காலை எட்டுப் பத்துக்கு, ஆறு வயது ஆதிராவை ஒரு வான் பின்னோக்கி வந்து இடித்தது. இடது மணிக்கட்டில் இரண்டு முறிவு. வேறு காயம் இல்லை. கை நேராகிவிடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிள்ளைக்கு என்னவாயிற்றோ என்ற பதற்றத்தோடு யாரும் மிகுதியை வாசிக்கவேண்டியதில்லை.

நான் ஆதிராவுக்கு இருபது மீற்றர் பின்னால் நின்றேன். பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் பொறுப்பு அன்றைக்கு என்னுடையது. வான் பின்னோக்கி வருவதைக் கண்டேன். கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்பதை ஒரு படிவத்தில் எழுதவேண்டியிருந்தது. அந்தப் படிவத்தை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாட்கள் எடுத்தன.

2

இந்த நாட்டில் ஓகஸ்ட் மாதம் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய மாதம். வீதி ஓரங்களில் பாடசாலை தொடங்கிவிட்டது என்று பதாகை கட்டுகிறார்கள். பாடசாலையிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்காதீர்கள், கார்கள் கூடினால் ஆபத்தும் கூடும் என்று அதில் இருக்கும். விடுமுறையின்போதே பிள்ளையோடு பாதையை நடந்து பழக்குங்கள், பிறகு பிள்ளையைத் தனியே நடக்க விடுங்கள் என்றும் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையைத்தான் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் இதைக் கவனிக்காமலிருப்பதாக எண்ணக்கூடாது. கவனிப்பின் கடைசிப் படியாகக் கைவிடுதலைப் பழக்குகிறார்கள். இங்கே வந்த புதிதில் எனக்கும் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. ஏற்றுக்கொள்கிறேனா என்பது வேறு கேள்வி.

அப்படித் தனியே விட மனம் வராத பெற்றோர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. அதுதான் நடைக்குழு. ஒரே வரிசையில் இருக்கும் வீடுகளின் பிள்ளைகள் ஒன்றாக நடப்பார்கள். பெற்றோரில் ஒருவர் வாரத்துக்கு வாரம் முறை வைத்து அவர்களுக்குப் பின்னால் நடப்பார். பிள்ளைகள் மஞ்சள் நிற வெஸ்ட் அணியவேண்டும். எங்கள் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஹில்டே. இரண்டு பிள்ளைகளின் தாய். எல்லாவற்றுக்கும் அட்டவணை வைத்திருக்கும் நல்ல மனுசி.

நான் பஸ் ஓட்டுகிறேன். பெரும்பாலும் மாலை வேலை. காலையில் ஓய்வாக இருக்கும் அப்பா அந்த வரிசையில் நான் ஒருவன்தான். ஆகவே எனக்கு அடிக்கடி முறை வரும். இதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்த வேலை இங்கே எதற்கும் உதவவில்லை, நேரத்தையும் தூரத்தையும் சரியாகக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தைத் தவிர.

ஆதிராவின் தாய் கவிதா கோயம்புத்தூர்க்காரி. கணவர் ஸ்ரீராம் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. வந்து இரண்டு வருடங்கள். எங்களுக்கு மேலே மூன்றாம் மாடி. விபத்துக்கு முந்திய நாள், ஞாயிறு மாலை, கவிதா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அண்ணா, நாளைக்குத்தான் மொத தடவை நான் இல்லாம போறா. கொஞ்சம் பாத்துக்குங்கண்ணா."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. றோட்டே இல்லை இஞ்சை."

"அதென்னமோ போங்கண்ணா. எங்கூர்ல ஸ்கூல் வேன் வாசல்ல வந்து நிக்கும். ஆயாம்மா கையப் புடிச்சு ஏத்துவாங்க. இங்க என்னடான்னா ஆறு வயசுல நடக்க விடுங்கன்னு மெயில் போடறாங்க."

என் மகள் மயூரி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. முதலாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய மாணவரைப் பொறுப்பாளராகப் போடுவது இங்கே வழக்கம். அந்தப் பொறுப்பாளரை ஃபாடர் என்பார்கள்.

"அன்ரி, நான்தான் அவளின்ர ஃபாடர். நான் பாப்பன்."

"அம்மா நான் இருக்கேன், ஃபாதர் நீயா? சரி, நல்ல குடும்பம்தான்" என்று கவிதா சிரித்தார். பிறகு என்னிடம், "டீச்சர் ஏதாவது பேசினாங்கன்னா சொல்லுங்கண்ணா" என்றார். எங்கள் பக்கத்தில் பேசினார் என்றால் திட்டினார் என்று அர்த்தம். ஆசிரியர் ஏன் அவரைத் திட்டவேண்டும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினேன். இரண்டு வருடமாக இப்படித்தான் ஒரு கணம் பிந்தி விளங்கிக்கொண்டு பழகுகிறோம்.

3

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கீழ்வாசலில் கூடினோம். மயூரியோடு ஆறு பிள்ளைகள். வெயில் நன்றாக இருந்தது. ஆதிரா கடைசியாக ஓடிவந்தாள். தன்னைவிட அகலமான பை, கடும்நீல ஜாக்கெட். மஞ்சள் வெஸ்ட் இல்லை. நான் எண்ணினேன். ஐந்து மஞ்சள். ஆறாவது இல்லை.

மேலே போய் எடுத்துவா என்று அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். லிஃப்டில் போய்வர மூன்று நிமிடம். வெயில் இருக்கிறது, நேரம் போகிறது, மாலையில் தாயிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன் என்று அன்றைக்கு என்னை யாராவது கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன். படிவத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அதற்கு முந்திய காரணம் ஒன்று இருந்தது தெரிந்தது. புறப்பட்டு வாசலைத் தாண்டிய பிள்ளையைத் திருப்பி வீட்டுக்குள் அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

சிறியவர்கள் இருவரும் மூவருமாகக் கைகோத்து முன்னால் நடந்தார்கள். நான் பின்னால். மயூரி என் பக்கத்தில், பெரிய பிள்ளை என்ற உரிமையோடு கைகோக்காமல் வந்துகொண்டிருந்தாள். தன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை வெள்ளெலி வளர்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடைபாதையில் வாகனம் வரக்கூடாது. ஆனால் வீடு மாறுபவர்கள் சாமான் ஏற்றி இறக்க வரலாம், நடக்கும் வேகத்தில். ஓகஸ்டில் வீடு மாறுபவர்கள் அதிகம். நான்காவது கட்டட வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. வாடகை வான். பின்கதவு பூட்டியிருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆதிரா வளைவில் தன் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கண்டாள். கையை உதறிக்கொண்டு ஓடினாள். அதே நேரம் வானின் பின்பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தது. பஸ் ஓட்டுபவனுக்கு அந்த விளக்கின் அர்த்தத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவள் ஓடும் கோட்டையும் வான் வரும் கோட்டையும் பார்த்தேன். இரண்டும் எங்கே சந்திக்கும் என்பதையும் பார்த்தேன்.

மூன்று செக்கன் இருந்தது. அவளுடைய பெயர் என் வாயில் இருந்தது. முதல் எழுத்து ஆ. வாய் திறந்துதான் இருந்தது. சத்தம் வரவில்லை. மூன்று எட்டு எடுத்து வைத்தேன். பஸ்ஸில் இருந்திருந்தால் கை தானாக ஹோர்னுக்குப் போயிருக்கும். ஹோர்னுக்குச் சகுனம் கிடையாது.

வெள்ளெலிக் கதையை நிறுத்திவிட்டு மயூரி நிமிர்ந்தாள். அவள் முதலில் பார்த்தது என் முகத்தை. பிறகுதான் நான் பார்த்துக்கொண்டிருந்த திசையை. பிறகு கத்தினாள்.

"ஸ்டொப்!"

அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. வான் நின்றது. அதற்குள் ஆதிராவைத் தட்டிவிட்டிருந்தது. தோளிலிருந்து கழன்ற பையின் பட்டியில் சக்கரம் ஏறி நின்றது. ஓட்டிவந்த இளைஞன் இறங்கி வந்து பார்த்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதான். அக்காவுக்கு வீடு மாற உதவி செய்ய வந்தவனாம். ஆதிரா அழவில்லை. ஓடிவந்து குனிந்த என்னைப் பார்த்து, "என் டிபன் பாக்ஸ் எங்க?" என்று கேட்டாள்.

ஒரு நிமிடத்துக்குள் கவிதா வந்துவிட்டார். எங்களுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. இரண்டு கட்டடங்களுக்கு இடையே போகும் குறுக்குப் பாதையால், எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தார். காலில் வீட்டுச் செருப்பு. கையில் மஞ்சள் வெஸ்ட். இதையும் குறித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

4

நான் சகுனம் பார்ப்பவன் அல்ல. பத்திரிகையில் வேலை செய்த காலத்தில், போரில் பாதை பூட்டிச் சோதிடரின் கடிதவுறை வந்துசேராத வாரங்களில், இராசிபலனை நானே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு இராசிக்கும் அரை மணித்தியாலம். ஒரு வாசகரும் குறை சொன்னதில்லை. ஒருவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார்.

புறப்பட்டுப் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடாதிருப்பது நம்பிக்கைக் கணக்கில் வராது. அது மரியாதைக் கணக்கு. எதையாவது மறந்துவிட்டு ஒருவர் வாசற்படலையைத் தாண்டிவிட்டால், வீட்டிலுள்ளவர் பின்வளவால் ஓடி ஒழுங்கையில் ஏறி, அவருக்கு முன்னால் போய் நின்று கொடுப்பார். எங்கே போகிறாய் என்றும் கேட்பதில்லை. தூரமோ என்று கேட்பார்கள். ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை.

ஒரு தடவை நான் கூப்பிட்டிருக்கிறேன்.

பத்திரிகையில் என்னோடு தவம் என்று ஒரு நிருபர் இருந்தான். என் வயது. காயப்பட்டவர்களின் பெயர்களை எடுத்துவர அன்று அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காலையில் நகரின் ஒரு பக்கம் பீரங்கிச் செல் விழுந்திருந்தது. சைக்கிளில் ஏறி வாசலைத் தாண்டிவிட்டான். முந்திய நாள் அவன் கொண்டுவந்த பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு இனிஷல் பிழையாக இருந்தது. உறவினர்கள் வந்து சண்டை போட்டிருந்தார்கள். நான் வாசலுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"தவம்! இனிஷல் எல்லாம் சரியாக் கேட்டுக்கொண்டு வா!"

அவன் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றித் திரும்பினான்.

"பின்னாலை கூப்பிடாதையடா எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்றது?"

"இராசிபலன் எழுதுறவனுக்குச் சகுனம் சொல்லாதை. போ, போ."

சிரித்துக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வீதியில் அடுத்த செல் விழுந்தது. பட்டியலை வேறு ஒருவர் கொண்டுவந்தார். செய்தியை எழுதியவன் நான். நான்கு வரி. அவனுடைய இனிஷலை நான் யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

நிறுத்தித் திரும்பிப் பேசிய நேரம் அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடம் இல்லாவிட்டால் அவன் வேறு இடத்தில் இருந்திருப்பான். அல்லது இன்னொரு செல் விழுந்த இடத்தில் இருந்திருப்பான். ஒன்றுக்குப் பின் ஒன்று நடப்பதும் ஒன்றால் ஒன்று நடப்பதும் வேறு வேறு என்பது செய்தி எழுதுபவனின் முதலாம் பாடம். அந்தப் பாடம் எனக்குத் தெரியும். அதன் பிறகு முப்பது வருடங்களாக யாரையும் பின்னால் நின்று கூப்பிட்டதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

5

அன்று மாலை வேலைக்குப் போகவில்லை. சுகவீனம் என்று அறிவித்தேன். மயூரி சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்தாள். என் மனைவி வதனி தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்கள் கண்டனீங்கள்" என்றாள் மயூரி.

"ஓம்."

"எனக்கு முதலே கண்டனீங்கள்."

"ஓம்."

"அப்ப ஏன் கூப்பிடேல்லை?"

"தெரியாது."

"தெரியாது எண்டுறது பதில் இல்லை. நீங்கள்தான் எனக்கு அப்பிடிச் சொல்லித் தந்தனீங்கள்."

"மயூரி, அப்பா பயந்துபோனார்" என்றாள் வதனி.

"பயந்தால் ஆக்கள் கத்துவினம். நானும் பயந்தனான்தான்."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள். நாளையிலிருந்து தனியாகப் போகிறாளாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தனியே போகலாம் என்று பாடசாலையே சொல்லியிருக்கிறதாம். அறைக்குள் போகும்போது, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்லாப் ஆவ், அப்பா" என்றாள். ஆறுதலாக இருங்கோ என்பது போன்ற சொல். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு சொல்வாள்.

மறுநாள் முதல் ஏழே முக்காலுக்கு வெளிக்கிட்டாள். நடைக்குழு கூட இன்னும் கால்மணி இருக்கும். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கட்டடத்தின் மூலையில் திரும்பும்வரை அவள் என் கண்ணுக்குத் தெரிவாள். பிறகு தெரியமாட்டாள். அந்த வாரம் முழுவதும் மற்றப் பிள்ளைகளோடு ஹில்டே நடந்தார்.

புதன்கிழமை ஹில்டேயிடமிருந்து படிவம் வந்தது. இந்த நாட்டில் திட்டப்படி நடக்காத எதற்கும் ஒரு படிவம் உண்டு. பஸ் கண்ணாடி உடைந்தால் எழுதுவோம், பயணி தடுக்கி விழுந்தால் எழுதுவோம். அதனால் யாருக்கும் கோபம் வராது. எழுதாவிட்டால்தான் வரும். இந்தப் படிவத்தை வைத்து, காலை நேரத்தில் நடைபாதைக்கு வாகனம் வரக்கூடாது என்று குடியிருப்பு நிர்வாகத்தைக் கேட்கலாம் என்பது ஹில்டேயின் திட்டம். என்ன நடந்தது, எப்போது, யார் இருந்தார்கள், காரணம் என்ன. கடைசிப் பெட்டியில், என்ன வேறுவிதமாகச் செய்திருக்கலாம்.

"கெதியா நடந்துபோச்செண்டு எழுதிப்போட்டு அனுப்புங்கோ" என்றாள் வதனி. அவள் சிறுவர் பள்ளியில் வேலை செய்கிறாள். இப்படியான படிவங்கள் எங்கே போய்ச் சேரும் என்பது அவளுக்குத் தெரியும். "பிழை வான்காரன்ர. பொய் ஒண்டும் இல்லையே அதிலை?"

"பொய் இல்லை."

"கண்டுகொண்டு நிண்டனான் எண்டு எழுதினால் இனி உங்களோடை பிள்ளையளை விடமாட்டினம். பார்னவேர்ண் கேட்டாலும் கேக்கும். பஸ் வேலைக்கும் ஏதும் வந்தால்?"

பார்னவேர்ண் என்பது பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து எடுக்கவும் அதிகாரமுள்ள குழந்தைகள் நலப் பிரிவு. எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வோம்.

அவள் சொன்னபடி எழுதினேன். சம்பவம் மிக விரைவாக நடந்தது. எழுதிவிட்டு வாசித்தேன். ஒரு நிருபர் இந்த வாக்கியத்தோடு என் மேசைக்கு வந்திருந்தால், எவ்வளவு விரைவாக என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். மூன்று செக்கன். மூன்று செக்கனில் ஒரு பத்து வயதுப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, திசையைப் பார்த்து, கத்தியும் இருக்கிறது.

படிவத்தை அனுப்பவில்லை. அழிக்கவுமில்லை.

6

சனிக்கிழமை மூன்றாம் மாடிக்குப் போனேன். ஆதிரா நிலத்தில் இருந்து வலது கையால் படம் வரைந்துகொண்டிருந்தாள். இடது கைக் கட்டின்மேல் பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தார்கள். மயூரியின் பெயர் பெரிதாக இருந்தது. அவள் எப்போது இங்கே வந்து போனாள் என்பது எனக்குத் தெரியாது.

ஸ்ரீராம் உள்ளே இருந்து வந்தார். கவிதா கோப்பி கொண்டுவந்தார். கோப்பியைக் குடிக்கமுன் சொல்லிவிட்டேன். நான் கண்டதை, தூரத்தை, நேரத்தை, கூப்பிடாததை.

"பாத்தீங்களா?" என்றார் ஸ்ரீராம். "பாத்துட்டு சும்மா நின்னீங்களா?"

"ஓம்."

"ஏன் சார்?"

"கிளம்பிப் போற பிள்ளையைப் பின்னாலை கூப்பிடக்கூடாது எண்டு. அந்த நேரம் அப்பிடி நான் யோசிக்கேல்லை. ஆனால் வாயைப் பிடிச்சது அதுதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"நாம ஓஸ்லோல இருக்கோம் சார். நீங்க பஸ் ஓட்டறீங்க. நான் என்னமோ உங்களை ஒரு படிச்சவர்னு..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் கவிதா.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? எம்பொண்ணு..."

"நானும் கூப்பிடலைங்க."

ஸ்ரீராம் திரும்பினார்.

"வெஸ்ட்டை செருப்பு ஸ்டாண்ட் மேலயே விட்டுட்டுப் போயிட்டா. பால்கனிக்கு வந்து பாத்தேன், கீழ நடந்துட்டிருக்கா. ஒரு குரல் விட்டா திரும்பியிருப்பா. மொத நாளு, தனியா போறா. பின்னாடி இருந்து கூப்பிட வேண்டாம்னு எதுத்தாப்புல போய்க் குடுக்கலாம்னு ஓடினேன். லிஃப்ட் வரல. படியில எறங்கி, அந்த சந்துல சுத்திப் போறதுக்குள்ள..." என்னைப் பார்த்தார். "அந்த வெஸ்ட் போட்டிருந்தா அந்தப் பையனுக்குக் கண்ணாடியில தெரிஞ்சிருக்குமாண்ணா?"

பஸ் ஓட்டுபவனிடம் கேட்கப்பட்ட கேள்வி. கடும்நீலமும் மஞ்சளும் பக்கக் கண்ணாடியில் எப்படித் தெரியும் என்பதை நான் அறிவேன்.

"தெரிஞ்சிருக்கலாம்" என்றேன். "சின்னப் பிள்ளை. வடிவாச் சொல்லேலாது."

ஸ்ரீராம் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். பிறகு ஆதிராவின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். அவருடைய கண் அந்தச் செருப்புத் தட்டில்தான் இருந்தது. வெஸ்ட் இப்போதும் அங்கேதான் கிடந்தது.

"எழுதும்போது என் பேரையும் போடுங்கண்ணா" என்றார் கவிதா.

"நான் கண்டதை மாத்திரம்தான் எழுதலாம். பால்கனியை நான் காணேல்லை."

அன்றே எழுதினேன். காரணம் என்ற பெட்டியில்: பின்னால் நின்ற பெரியவர் வாகனத்தையும் பிள்ளையையும் கண்டார், கூப்பிடவில்லை. பிள்ளைக்கு வெஸ்ட் இல்லாததையும் கண்டார், திருப்பி அனுப்பவில்லை. கடைசிப் பெட்டியில்: கூப்பிட்டிருக்கலாம். ஏன் என்பதற்கு மூன்று வரி சேர்த்தேன். நோர்வேஜிய மொழியில் அந்த மூன்று வரியும் ஒரு மாணவனின் கட்டுரை போல இருந்தன.

காலையில் அனுப்பலாம் என்று மேசையில் அச்சுத்தாளை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தபோது மூன்றாவது வரியில் ஒரு சொல் பென்சிலால் திருத்தப்பட்டிருந்தது. சரியான திருத்தம். மயூரியின் எழுத்து. திருத்தி அனுப்பினேன்.

திங்கட்கிழமை ஹில்டே தொலைபேசியில் கூப்பிட்டார். நான் எழுதியிருந்த காரணத்தை மூன்று தடவை விளக்கச் சொன்னார். நீ இதை நம்புகிறாயா என்றார். இல்லை என்றேன். ஆனாலும் செய்தாய் என்றார். ஆம் என்றேன். நீண்ட நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"காரணத்துக்கு ஒரு வகை தெரிவு செய்யவேண்டும்" என்றார் அவர். "வானிலை, உபகரணம், பயிற்சிக் குறைவு, மற்றவை. மற்றவை என்று போட்டால் நடவடிக்கை எடுக்க முடியாது. பயிற்சிக் குறைவு என்று போடட்டுமா?"

போடச் சொன்னேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. பயிற்சி குறைவு என்றால் பயிற்சி கொடுக்கவேண்டும், ஆளை நீக்கினால் குறைவு அப்படியே இருக்கும் அல்லவா என்றார்.

பார்னவேர்ண் வரவில்லை. வதனி இரண்டு வாரம் கடிதப் பெட்டியைத் தானே திறந்தாள்.

7

புதிய ஒழுங்கு இரண்டு பக்கத்தில் வந்தது. காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை நடைபாதைக்கு வாகனம் இல்லை. வெஸ்ட் இல்லாத பிள்ளை இருந்தால் குழு புறப்படாது. பெரியவர் முன்னால் நடப்பார். பின்னால் ஐந்தாம் வகுப்போ அதற்கு மேலோ படிக்கும் ஒரு மாணவர் நடப்பார். முன்னால் யாராவது விலகிப் போனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பின்னால் நடப்பவரின் வேலை. கூப்பிட்டால் நின்று, திரும்பி, கையை உயர்த்துவது முன்னால் நடப்பவர் எல்லோருடைய வேலை, பெரியவர் உட்பட. தினமும் புறப்பட்டதும் ஒரு தடவை பழகிப் பார்க்கவேண்டும்.

பின்னால் நடப்பதற்கு யார் வருகிறீர்கள் என்று ஹில்டே பாடசாலையில் கேட்டிருக்கிறார். மயூரி கையைத் தூக்கியதாக ஆசிரியர் எழுதியிருந்தார். எங்களிடம் அவள் சொல்லவில்லை. எந்த வாரத்துக்கு என்று ஆசிரியர் கேட்டாராம். அப்பாவின் வாரத்துக்கு என்றாளாம்.

இன்று என் வாரத்தின் முதல் நாள். ஆதிரா கைக்கட்டோடு முதன்முதலாக நடக்க வந்தாள். ஜாக்கெட்டின் ஒரு கை வெறுமையாகத் தொங்கியது. அதற்கு மேலே வெஸ்ட். ஸ்ரீராம் கீழே வந்து அதன் பட்டிகளை இழுத்து ஒட்டிவிட்டு, எனக்குத் தலையசைத்தார். கவிதா பால்கனியில் நின்றார். நான் எண்ணினேன். ஆறு மஞ்சள்.

நான் முன்னால் நடந்தேன். பிள்ளைகளுக்கு என் முதுகு. மயூரி கடைசியில். அவள் எவ்வளவு தூரத்தில் வருகிறாள், என்ன முகத்தோடு வருகிறாள் என்று பார்க்கமுடியாது. கீழ்வாசலிலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்திருப்பேன்.

"அப்பா!"

அதே குரல். காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட ஒருவனை, வாசலைத் தாண்டிய பிறகு, முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடும் குரல். நடைபாதை வெறுமையாக இருந்தது. கேட்டது என்று எனக்குத் தெரியும். நிற்கவேண்டும் என்றும் தெரியும். நின்றேன், திரும்பினேன், கையை உயர்த்தினேன். சிறியவர்கள் எல்லோரும் எனக்கு முந்தியே கையை உயர்த்தி முடித்துவிட்டார்கள். ஆதிரா நல்ல கையை இன்னும் இறக்காமல் வைத்திருந்தாள்.

மயூரி கடைசியில் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்தாள். நேரம் பிடித்திருக்கிறாள்.

"மூண்டு செக்கன்" என்றாள். "கூடிப்போச்சு. இன்னொருக்கா செய்வம். திரும்பி நடவுங்கோ."

திரும்பி நடந்தேன்.